பொன்விழாவில் விழுந்த அடி

அன்புள்ள அண்ணா,

நம் நாடகக் கம்பெனியின் பொன்விழா நேற்று நடந்தது. அரங்கு நிரம்பி, படிகளில்கூட ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். உன் இடது காது இப்போதாவது கொஞ்சம் கேட்கிறதா?

அப்பா அந்தச் சாட்டைக் காட்சியைத்தான் போட்டார். ஊர் ஊராக நமக்குப் பேர் வாங்கித் தந்ததே அதுதானே. எப்போதும்போல் முதலாளி வேடம் அவருக்கு. அடி வாங்கும் வேலைக்காரப் பிள்ளையின் வேடம், நீ ஓடிப்போன பிறகு எனக்கு வந்தது. அடி நிஜம் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியாது என்று நாம் நம்பினோம். அவர்களுக்குத் தெரியும் அண்ணா. அதற்காகத்தான் டிக்கெட் வாங்கினார்கள்.

நேற்று அந்த வேடம் என் மகளுக்கு.

"என் பேத்தியாச்சே, சும்மா ஓங்கிட்டு விட்டுடுவேன்" என்று என் தலையில் கை வைத்துச் சொன்னார். முதல் அடியிலேயே அவள் சட்டை கிழிந்து ரத்தம் வந்தது. "அம்மா!" என்று அலறினாள். நாடகத்தில் அப்படி ஒரு வசனமே கிடையாது.

மேடையேறிச் சாட்டையைப் பிடுங்கினேன். அவர் முகத்திலேயே அடித்தேன். விழுந்த பிறகும் கை ஓயும்வரை அடித்தேன். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அப்பா வாயில் ரத்தம் ஒழுக எழுந்து, அவர்களைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு என் பக்கம் குனிந்து, "இதாம்மா நடிப்பு. நாளைக்கும் இதையே வச்சுக்கலாம்" என்றார்.

திங்கட்கிழமை நாங்கள் இரண்டு பேரும் உன்னிடம் வருகிறோம். அவள் முதுகில் தையல் போட்டிருக்கிறார்கள். குப்புறப் படுக்க ஒரு பாய் இருந்தால் போதும்.

உன் தங்கை