நெல்லிக்காய்க் குளிசை

அன்புள்ள உமக்கு,

யாழ்ப்பாணப் பாதை பூட்டிய பிறகு உம்முடைய கடிதம் ஒன்றும் வரவில்லை. நம் ஊரில் குண்டு விழுந்ததை வானொலியில் கேட்டேன். கண்டியில் நான் சுகம்.

இரத்தத்தில் சீனி கூடும் வருத்தத்தால் எனக்குப் பல்லைச் சுற்றிய முரசு வீங்கி இரத்தம் கசிந்தது. பல் டொக்டர் முரசின் அடிவரை சுத்தம் செய்து, நெல்லிக்காய்க் குளிசையும் தந்தார். அது துணைக்குத்தான், சீனி மருந்தை விடக் கூடாது என்றார். நேற்றுப் போனபோது இரத்தம் நின்றிருந்தது. ஆடிய பல்லும் இறுகியிருந்தது. ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து அங்கே வேலை பார்க்கும் தாதிக்கு என்னைவிடச் சந்தோசம்.

"நல்லா கவனிச்சிருக்கீங்க ஐயா. வீட்டுல யாரு மருந்து எடுத்துக் குடுக்கிறாங்க?"

"மனுசி இருக்கிறா," என்று உம்மைத்தான் சொன்னேன்.

வாடகை அறைக்குத் தனியே திரும்பியும் 'இருக்கிறா' என்ற அந்தச் சொல் என்னை விடவில்லை. நான் சொன்னது பொய்யில்லை என்று ஒரு வரி எழுதும்.

உம்மையே நினைத்திருக்கும்,
நான்