கிழவிகளை விடும் எல்லை

மாமாங்கேஸ்வரர் துணை

அமிர்தகழி,
மட்டக்களப்பு.
02.03.1991

அன்புள்ள பேரன் யோகராசாவுக்கு,

அம்மம்மா எழுதிக்கொள்வது. உடம்பும் வாயும் பழையபடிதான் இருக்கின்றன. ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பானாலும் உனக்குக் கடிதம் எழுத நான் இன்னொருத்தரைக் கூப்பிட மாட்டேன்.

உன் கடிதங்களைத் தகரப் பெட்டியில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறேன். எண்பத்தாறில் கிழக்கு பேர்லினில் இறங்கி, ரயிலேறி மேற்குக்குப் போனதாக எழுதினாய். ஒரே பாஷை பேசுகிற சனம் இரண்டு நாடாகி, நடுவில் மதில் கட்டியிருக்கிறது என்றாய். அடுத்த வருடம் அந்தப் பக்கத்துத் தலைவர் இந்தப் பக்கம் வந்தார், இரண்டு கொடியும் பக்கத்தில் பக்கத்தில் பறந்தன என்றாய். பிறகு மதில் விழுந்தது. போன புரட்டாதியில் ஒரே நாடாகிவிட்டது. நாலே வருடம்!

இங்கே அதே வருடங்கள் தலைகீழாகப் போயின. நீ புறப்பட்ட காலத்தில் நான் பாலம் கடந்து வாவிக்கு அந்தக் கரையில் வவுணதீவுக்குப் போய், உன் அம்மா கையால் மத்தியானச் சோறு தின்றுவிட்டுப் பொழுதுபடுமுன் திரும்பிவிடுவேன். போன ஆனியிலிருந்து பாலம் அடைப்பு. இந்தப் பக்கம் ஆமி, அந்தப் பக்கம் இயக்கப் பொடியன்மார், நடுவில் வாவி.

அம்மாவைப் பற்றிக் கேட்டு மூன்று கடிதம் போட்டாய். நான் மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பதில் எழுதினேன். இனி மறைக்கவில்லை. என் மகள் சீதேவிப்பிள்ளையிடமிருந்து ஒன்பது மாதமாக ஒரு சொல்லும் இல்லை.

உனக்குத் தெரியும், வட்டை வயலில் அறுப்பு முடிந்தால் புது அரிசியில் முதல் கொத்து எனக்கு வரும். நான் பொங்கிச் சாப்பிட்டேன் என்று கேட்ட பிறகுதான் அவள் புது அரிசியில் உலை வைப்பாள். இந்த மாசியில் அரிசி வரவில்லை.

மதில் இருந்த காலத்திலும் வயதான சனத்தை மட்டும் பிள்ளைகளைப் பார்க்க விட்டார்கள் என்று எழுதியிருந்தாயே, அதை நம்பிப் போன கிழமை பாலத்தடிக்குப் போனேன். பக்கத்து வீட்டு றீற்றா ரீச்சர் சிங்களம் பேசுவாள், அவளையும் கூட்டிப் போனேன். காவலில் நின்ற பிள்ளையிடம், "ஜேர்மனியில கிழவிகள உட்டாங்களாம். நானும் கிழவிதானே மனே, என்னையும் உடுங்க" என்றேன். "ஐயோ ஆச்சி, இத நான் எப்பிடிச் சொல்லுற" என்று றீற்றா தலையில் கை வைத்தாள். ஆனாலும் சொன்னாள். அவன் சிரித்தான். இருக்கக் கதிரை தந்து, தன் பாஷையில் அம்மே என்று கூப்பிட்டான். விடவில்லை. அந்தக் கரைச் சனம் எப்போதோ காட்டுப் பக்கம் போய்விட்டதாம், யார் இருக்கிறார்கள் என்று தங்களுக்கே தெரியாதாம். அவனுக்கும் உன் வயதுதான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து ஒரு வேலை செய்தேன், ஏசாதே. கடையரிசியைப் புது அரிசி என்று சொல்லிப் பொங்கினேன். வாவியைப் பார்த்து இருந்து சாப்பிட்டு முடித்தேன். உன் அம்மா பிடிவாதக்காரி, நான் சாப்பிடாமல் தொடமாட்டாள். இனி அவள் எங்கே இருந்தாலும் உலை வைக்கலாம்.

நீ அவள் பெயருக்கும் தனியாகக் கடிதம் போடு. பிரிக்காமல் வைத்திருப்பேன். அங்கே முதலில் எந்தப் பக்கம் வாய் திறந்தது, என்ன சொல்லித் தொடங்கினார்கள் என்று வயதான ஒருவரிடம் விசாரித்து எனக்கு எழுது.

பிள்ளையார் உன்னைக் காப்பார். நேரத்துக்குச் சாப்பிடு மகனே, யாருக்காகவும் காத்திருக்காதே. காத்திருக்க நான் ஒருத்தி போதும்.

இப்படிக்கு,
உன் அம்மம்மா
அன்னப்பூரணி