போனில் கிள்ளை வானிலை

அன்புள்ள அப்பாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நலம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? "நல்லாருக்கேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அயர்லாந்தில் இதற்குப் பெயர் கோடையாம்! காலையில் வெயில், மதியம் இடி, சாயங்காலம் அடுத்த மேகக்கூட்டம். நேற்று அவசரத்தில் போனைப் பார்த்தேன், சூரியன் படம் போட்டிருந்தது. நம்பி யூனிஃபார்மைத் துவைத்துக் கொடியில் போட்டால், ஆலங்கட்டி மழை! முதியோர் இல்லத்துக்கு ஈரத்தோடுதான் வேலைக்குப் போனேன். சிரிக்காதீர்கள். அந்தச் சூரியன் கிள்ளைக்கு. என் போனில் இன்னும் நம் ஊர் வானிலைதான் வருகிறது.

கூட வேலை பார்க்கும் பிரிசில்லா, "போன்ல ஊரை மாத்தேன்டி" என்கிறாள். எப்படி மாற்றுவது? போனில் இடிப் படத்தைப் பார்த்து, இடி மின்னலில் தோணி எடுக்காதீர்கள் என்றால், "இங்க மழையே இல்லம்மா, சிக்னல் கட்டாவுது" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் ஊருக்கு வரும் அவளிடமே இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். அவள் திரும்பும்போது கொஞ்சம் சுண்டைவற்றல் கொடுங்கள். நம் மாடி வெயிலில் காய்ந்ததாக இருக்கட்டும், கடையில் வாங்காதீர்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. ஊரை மாற்றினால் நான் நனைய மாட்டேன். நீங்கள் நனைவதுதான் எனக்குத் தெரியாமல் போய்விடும்.

உங்கள் மகள்,
ஜான்சி