வருஷத்துக்கு ஒரு அங்குலம் வளரும் மீன்

என் குண்டூசிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன், வலது முழங்கால் மட்டும் என்னைக் கேட்காமல் தனியாக முடிவெடுக்கிறது. நீயும் சௌக்கியம் என்றே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உடம்புக்கு முடியாத எவனும் மீன் பிடிக்கப் போவதற்கு இரண்டு பக்கத்துக்குச் சாமான் பட்டியல் எழுதி அம்மாவின் ஒப்புதலுக்கு அனுப்பமாட்டான். படித்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறையும் படித்தேன். மடக்குத் தூண்டில் இரண்டு, அதற்கு நூல் சுற்றும் உருளை இரண்டு, பதினாறு பை வைத்த மேல்சட்டை, முழங்கால் வரைக்கும் பூட்ஸ், மீன் எங்கே நிற்கிறது என்று தண்ணீருக்குள் பார்த்துச் சொல்லும் கருவி ஒன்று. உன் எட்டு வயதுப் பெண் பொத்தானோடு ஒரு சனிக்கிழமை ஏரிக்கரையில் உட்காரப் போகிறாயா, இல்லை ஏரியின் மேல் படையெடுக்கப் போகிறாயா என்று தெரியவில்லை. பதினாறு பையில் என்னத்தைப் போடுவாய் என்று மட்டும் எழுது, தையல்காரி என்ற முறையில் கேட்கிறேன்.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ நடுவில் பேசுவாய், நான் சொல்ல வந்ததை மறப்பேன், கடைசியில் இரண்டு பேரும் மழை பெய்ததா என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுவோம். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, அதுதான் இதில் இருக்கிற சுகமே. இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர் உடற்பயிற்சி என்று இரும்புக் குண்டு தூக்குகிறார், தூக்குவது அவர் பாடு, கீழே போடும்போதுதான் என் மெஷினில் ஊசி ஒரு தையல் தாண்டிக் குதிக்கிறது. பள்ளிக்கூடச் சீருடை நூற்றிருபது வந்து குவிந்திருக்கிறது, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவுதான் என்று தலைமையாசிரியர் நினைத்துக்கொண்டிருக்கிறார், நானும் அவர் மனதைப் புண்படுத்தவில்லை. உன் மனைவி போன வாரம் பேசினாள். முறைக்க வேண்டாம், நீங்கள் இரண்டு பேரும் தனித்தனியாக இருப்பதென்று முடிவு செய்து ஏழு மாதம் ஆயிற்று, அதற்காக நானும் அவளும் பிரிய வேண்டுமென்று எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை. என் முழங்காலை மறக்காமல் விசாரிப்பவள் அவள் ஒருத்திதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பட்டியலின் அடியில், இடமில்லாமல் ஓரத்தில் எழுதுவது போல, எறும்பு எழுத்தில் ஒரு வரி எழுதியிருந்தாய். மீன் கிடைக்கவில்லை என்றால் பொத்தான் அடுத்த தடவை என்னோடு வரமாட்டாள் அம்மா என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் சீருடையை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மாதத்தில் இரண்டே இரண்டு சனிக்கிழமை உன்னிடம் வருகிறாள், வந்தால் காதில் எதையோ மாட்டிக்கொண்டு சோபாவின் ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுகிறாள், காலையிலிருந்து சாயங்காலம் வரை அவள் வாயிலிருந்து வருவது சரி, வேண்டாம் என்ற இரண்டு வார்த்தைதான், அதுவும் எப்போது நின்றுபோகுமோ என்று உனக்குப் பயம். அந்தப் பயத்துக்கு மருந்தாகத்தான் பதினாறு பை வைத்த சட்டை வாங்கியிருக்கிறாய். போகட்டும்.

உனக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என்னுடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு நீ பேசி அனுப்பிய படத்தை நான் இன்னும் மறக்கவில்லை, மறக்க நினைத்தாலும் உன் அத்தை விடுவதில்லை, வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறாள். என் அம்மா தேர்ந்த தூண்டில்காரி, எனக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுத்ததே அந்தக் குளக்கரைதான் என்று கண்கலங்கிச் சொல்லியிருந்தாய். பொறுமையா? பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தூண்டிலைத் தூக்கிப் பார்த்தவன் நீ. தூக்கிப் பார்க்காத நேரத்தில் குளத்தில் கல் எறிந்தாய். அப்புறம் அந்தத் தப்பிப்போன மீன். ஒன்பது வயதில் அது உன் முழங்கை நீளம் என்று சொன்னாய், கல்லூரிக்குப் போனபோது கை நீளம் ஆயிற்று, உன் கல்யாணத்தில் யாரிடமோ நீ இரண்டு கையையும் விரித்துக் காட்டியபோது பக்கத்தில் நின்றவர் ஒதுங்கிக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன். தண்ணீருக்குள் இருக்கிற மீன்கூட அவ்வளவு வேகமாக வளராதப்பா, வருஷத்துக்கு ஒரு அங்குலம் வீதம் அதை வளர்த்தவன் நீ.

தேர்ந்த தூண்டில்காரியின் யோக்கியதையைச் சொல்கிறேன் கேள். நம்முடைய தூண்டில் கம்பு என்பது ஹாலில் திரைச்சீலை மாட்டியிருந்த கம்பி. அந்த வருஷம் முழுக்க ஜன்னலுக்குத் திரை இல்லாமல் எதிர்வீட்டுக்காரர்கள் நம் குடும்பத்தை இலவசமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூண்டில் நரம்பு என்று கட்டியது பை தைக்கிற நைலான் நூல், மிதப்பதற்குத் தக்கையாக நூல் தீர்ந்துபோன மரக் கட்டை, கனத்துக்கு என் மெஷினில் அடிநூல் சுற்றும் இரும்பு பாபின் இரண்டு. முள் மட்டும் இரும்புக் கடையில் வாங்கினேன், அதைக்கூட எப்படிக் கட்டுவதென்று தெரியாமல் பொத்தான் தைக்கிற முடிச்சுப் போட்டேன். அதற்கு முன்னால் என் வாழ்க்கையில் நான் பிடித்த ஒரே மீன் தட்டில் இருந்தது.

எதற்காக அந்தக் கூத்து என்று உனக்குத் தெரியாமல் இல்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன், எழுதினால்தான் மீதி விளங்கும். அப்பாவை வயிற்றுக்கு ஆபரேஷன் என்று கூட்டிக்கொண்டு போனோம். புதன்கிழமை மத்தியானமே அவர் போய்விட்டார். நான் வீட்டுக்கு வந்தேன், நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாய், அப்பா எப்போது வருவார் என்று கேட்டாய். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தும் வியாழக்கிழமை என்று சொன்னேன். என் வாயிலிருந்து அதுதான் வந்தது. மறுநாள் காலையில் தலையை வாரிக்கொண்டு, ஆபரேஷனுக்குப் போகிற அன்றைக்கு அவர் உனக்கு வாங்கித் தந்த சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாய். உன் அத்தைதான் வந்து சொன்னாள், நான் சொல்லவில்லை. அதற்கப்புறம் நீ எல்லாரிடமும் பேசினாய், பால்காரரிடம் பேசினாய், எதிர்வீட்டு நாயிடம் பேசினாய், என்னிடம் மட்டும் பேசவில்லை. நாற்பத்தைந்து நாள். நான் எண்ணினேன்.

ஒரே வீட்டில் எதிரெதிராக உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை, உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, என் முகத்தைப் பார்க்க உனக்கு இஷ்டம் இல்லை. இரண்டு பேரும் வேறு எதையாவது பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார ஒரு இடம் வேண்டும் என்று தோன்றியது. நீரேற்று நிலையத்துக்குப் பின்னால் அந்தக் குளம் இருந்தது, கூட்டம் இருக்காது, வீட்டிலிருந்து நடந்தே போகலாம், அவ்வளவுதான் நான் செய்த ஆராய்ச்சி. முதல் ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம், ஒரு வார்த்தை கிடையாது. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நீ மண்புழு தோண்டுவதற்காகச் சுவரோரம் போயிருந்தாய். அந்த நேரம் பார்த்து, வெயிலானாலும் மழையானாலும் குடையை இறக்காத அந்தக் காவல்காரர், நீ குடைக்காரர் என்று பெயர் வைத்தாயே அவர்தான், என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“இந்தக் குளத்துல மீனே கிடையாதும்மா. வருஷா வருஷம் தண்ணிய வத்த வச்சு, சுண்ணாம்பு போட்டுக் கழுவிட்டுத்தான் மறுபடி விடுவாங்க. தவளைகூட தங்காது.”

படித்தாயா? இன்னொரு முறை படித்துக்கொள், நான் காத்திருக்கிறேன். மீன் கிடையாது. ஒன்றுகூடக் கிடையாது, குஞ்சு கிடையாது, முட்டை கிடையாது. எனக்கு அவமானம் தாங்கவில்லை, கம்பியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று எழுந்தேன். அப்போது நீ வந்தாய், இரண்டு கையும் சேறு, சட்டைப்பை நிறைய மண்புழு. நான் எழுந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, “அதுக்குள்ள போகணுமா? அடுத்த வாரம் சீக்கிரமே வந்துடலாம்மா” என்று சொன்னாய். நாற்பத்தைந்து நாளுக்கப்புறம் நீ என்னைப் பார்த்துச் சொன்ன முதல் பேச்சு அது. நான் மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். குடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், அவர் உன் பக்கம் திரும்பி, காலையில் அந்த மூலையில் ஒன்று துள்ளியது தம்பி என்று கூசாமல் சொன்னார். அந்த மனுஷனுக்கு நான் இரண்டு சட்டை தைத்துக் கொடுத்தேன் என்றால் எதற்கு என்று இப்போது புரிகிறதா?

பதினோரு மாதம் போனோம். சுண்ணாம்புத் தண்ணீரில் மண்புழுவுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நீ தக்கையைப் பார்த்தபடியே பேசுவாய், நான் தக்கையைப் பார்த்தபடியே கேட்பேன். கணக்கு வாத்தியாரைப் பற்றி, உடைந்துபோன பல்லைப் பற்றி, அப்பாவின் சைக்கிளை நான் ஏன் கொடுத்துவிட்டேன் என்பதைப் பற்றி. ஒருநாள், வியாழக்கிழமை வருவார்னு ஏன் சொன்னே என்று கேட்டாய், அதையும் தக்கையைப் பார்த்தபடியேதான் கேட்டாய். நானும் அங்கேயே பார்த்துக்கொண்டு, “பயந்துட்டேன்டா” என்றேன். நீ தூண்டிலைத் தூக்கி வேறு புழு குத்தினாய், திரும்ப உட்காரும்போது என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாய். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்தது அன்றைக்குக் கிடைத்ததுதான், அதை நான் எந்தப் பிறந்தநாள் படத்திலும் சொன்னதில்லை.

குளத்து விஷயத்தை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பொய்யை நம்பி யாரும் வாசலில் காத்துக்கிடக்கவில்லை, அதனால் விட்டுவிட்டேன். இப்போது உன் மீனுக்கு வருவோம். தக்கை முங்கியது, நீ இழுத்தாய், கம்பி வளைந்தது, நான் உன் இடுப்பைப் பிடித்து இழுத்தேன், நூல் அறுந்தது, இரண்டு பேரும் மல்லாந்து விழுந்தோம், எல்லாம் நிஜம். அந்தக் கோடையில் நீ அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது குளத்தை வற்ற வைத்தார்கள். குடைக்காரர் உன் மீனைக் கண்டுபிடித்து, அதன் வாயிலிருந்த முள்ளைப் பாபினோடு எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தார். அடி இல்லாத இரும்பு வாளி. கைப்பிடி மட்டும் கெட்டியாக இருந்ததாம், அதனால்தான் அவ்வளவு நன்றாகப் போராடியிருக்கிறது. முப்பத்திரண்டு வருஷமாக அந்த முள்ளும் பாபினும் என் பொத்தான் டப்பாவுக்குள் கிடந்தன. இந்தக் கடிதத்தோடு பஞ்சில் சுற்றி அனுப்புகிறேன், பிரிக்கும்போது விரலில் குத்திக்கொள்ளாதே. உனக்கு வருத்தமாக இருக்கும், எனக்கும்தான். எனக்கு மட்டும் அந்த மீன் மேல் ஆசை இல்லையா என்ன?

ஆனால் பொத்தான் உன்னிடம் பேசுவதைவிட என்னிடம் அதிகமாகப் பேசுகிறாள், அவள் சொன்னதைக் கேட்டபிறகு என்னால் மீனை வைத்துக் காப்பாற்ற முடியவில்லை. போன வாரம் அவள் அம்மாவிடமிருந்து தொலைபேசியைப் பிடுங்கிச் சொன்னாள், “அப்பாகிட்ட எப்ப வீட்டுக்கு வருவீங்கன்னு கேட்டா, ஆபீஸ் வேலை முடிஞ்சதும்னு சொல்றார் பாட்டி. அதனால நான் இப்பல்லாம் கேக்கறதில்ல.” அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ஏண்டா, ஏழு மாதமாக முடியாத ஆபீஸ் வேலை எங்கே இருக்கிறது? உன் ஆபீஸில் எனக்கும் ஒரு வேலை சொல்லேன். என் பிள்ளை என்று நிரூபிக்க உனக்கு வேறு எதுவுமே கிடைக்கவில்லையா?

ஆகவே அந்தத் தண்ணீருக்குள் பார்க்கிற கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடு. அது மீன் எங்கே நிற்கிறது என்று சொல்லும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன வேண்டும் என்று சொல்லாது. பூட்ஸும் வேண்டாம், ஒரு கம்பு போதும், மீன் இல்லாத குளமாகப் பார்த்துப் போனால் இன்னும் நல்லது, கவனம் சிதறாது. நீ கேள்வி கேட்காதே, பாடம் நடத்தாதே, படம் எடுக்காதே. அவள் கல் எறிந்தால் எறியட்டும். முதல் சனிக்கிழமை ஒன்றும் நடக்காது, அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, உனக்கு அது நன்றாகவே இருக்காது. இரண்டு பேரும் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். அவளுக்கு நான் தைத்து அனுப்பிய சட்டை, பெரிய பச்சைப் பொத்தான் வைத்தது, அதைப் போடச் சொல், அதில் இரண்டு பை இருக்கிறது, மண்புழுவுக்கு அது தாராளம்.

இரண்டு பேரும் நன்றாக இருங்கள், உன் வீட்டில் பேச்சுச் சத்தம் நிறையட்டும், இதைவிடப் பெரிய ஆசி எனக்குத் தெரியாது. மீன் கிடைத்ததா என்று நான் கேட்கமாட்டேன். ஒன்றை மட்டும் மறக்காதே. அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே என்றைக்காவது ஒருநாள் மறுபடியும் கேட்பாள், நீ எப்போது வீட்டுக்கு வருவாய் என்று. அப்போது நீயும் தண்ணீரையே பார்த்துக்கொள், ஆனால் வியாழக்கிழமை என்று சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
வாளி பிடித்த உன் அம்மா