வெயில் தாகம் இல்லை, தம்பி

தேவமாதா துணை
தலத்தெரு, காரைக்கால்
3.4.1974

அன்புள்ள ஐரேன் அக்காவுக்கு,

இங்கு அம்மாவும் நானும் சுகம். நீயும் அத்தானும் குட்டி ரோசலியும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறோம்.

பிரெஞ்சு கொன்சுலா ஆபீசிலிருந்து கடுதாசி வந்துவிட்டது, அக்கா. ஜூன் மாதம் புதுச்சேரியில் மெடிக்கல். தேறிவிட்டால் அப்பாவைப் போல நானும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஒரு சிப்பாய், ஒரு சொல்தா. அதற்காகக் காலையில் கடற்கரை வரை ஓடுகிறேன். முன்பு போல முடியவில்லை, கால் கனக்கிறது. வெயிலோ என்னவோ, எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. குடித்ததெல்லாம் உடனே போய்விடுகிறது, தூங்கவும் விடுவதில்லை. பானையைக் காலி செய்கிற மாதிரி சாப்பிடுகிறேன், ஆனாலும் நீ அனுப்பிய சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. கண்ணேறு என்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். கொல்லையில் நான் ஒதுங்கும் இடத்தில் எறும்பு மொய்க்கிறதாம், அதற்கும் புலம்பல். எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

உன் தம்பி,
ஆத்ரியேன்

துலோன், பிரான்ஸ்
14.4.1974

அன்புத் தம்பி ஆத்ரியேனுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சிரிக்காதே தம்பி. அது வெயில் தாகம் இல்லை. போன வருஷம் ரோசலிக்குச் சர்க்கரை வியாதி வந்தபோது இதே தாகம், இதே பசி, இதே மெலிவு. உங்களுக்கு அது கேள்விப்பட்ட செய்தி. நான் கண்ணால் பார்த்தவள். வளர்கிற பிள்ளை, அப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் விட்டுவைத்தோம். ஒருநாள் அவளை எழுப்பினேன், எழவில்லை. ஊசி மருந்து ஏறின பிறகுதான் கண் திறந்தாள்.

அது கிழவர்களுக்கு வருவது என்று நினைக்காதே. சின்னப் பிள்ளைக்கும் வரும், உன் வயதுக்கும் வரும். உனக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும். சிறுநீரைக் கொடுத்தால் போதும், சொல்லிவிடுவார்கள். இந்தக் கடிதத்தை மடித்து வைத்த கையோடு நம் தெரு டாக்டர் வைத்தியலிங்கத்திடம் போ. இதை அம்மாவுக்கும் படித்துக் காட்டு.

உன் அக்கா,
ஐரேன்

தலத்தெரு
26.4.1974

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பயந்த சுபாவம். உனக்கு எதைப் பார்த்தாலும் ரோசலிதான். டாக்டரிடம் போனால் மறுநாள் தலத்தெரு முழுக்கப் பேச்சாகிவிடும். ஒரு சீட்டில் அந்த வியாதியின் பேரை எழுதிவிட்டால் பட்டாளத்தில் என்னை யார் சேர்ப்பார்கள்? இந்த ஊரில் எனக்கு வேறு என்ன இருக்கிறது, சொல். மெடிக்கல் முடியட்டும், அங்கே வந்து நீ சொல்கிற டாக்டரிடமெல்லாம் காட்டிக்கொள்கிறேன். இனிப்பை விட்டாயிற்று. ஆவாரம்பூக் கஷாயம் குடிக்கிறேன். கண் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான்.

அம்மாவிடம் நீ சுகம் என்று மட்டும் படித்துச் சொன்னேன்.

ஆத்ரியேன்

துலோன்
7.5.1974

ஆத்ரியேன்,

கண் மங்கலாம், அவ்வளவுதானாம். எப்படியடா உனக்கு இப்படி எழுத வந்தது?

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் கதறுவதை நீயே விழுங்கிவிட்டு, சுகம் என்கிறாய். இங்கிருந்து நான் ஓடிவர முடியாது. நான் எழுதி, அது உன் கைக்கு வந்து, நீ எழுதி, அது எனக்கு வருவதற்குள் உனக்கு என்ன ஆகியிருக்குமோ என்றுதான் ஒவ்வொரு நாளும் விடிகிறது. வாந்தி வந்தால், வயிறு வலித்தால், மூச்சு இரைத்தால், மூச்சில் பழ வாசனை அடித்தால், அதற்குமேல் ஒரு மணி நேரம்கூட வீட்டில் இருக்காதே. கஷாயம் இதைத் தீர்க்காது.

இன்று காலை கொன்சுலாவுக்கு எழுதிப் போட்டுவிட்டேன், உனக்கு இன்ன இன்ன தொந்தரவு இருக்கிறது, பரிசோதிக்காமல் எடுக்காதீர்கள் என்று. உன் ஆசையில் மண்ணைப் போட்டவள் நான்தான். திட்டு, பேசாமல் இரு, எதுவும் செய். டாக்டரிடம் மட்டும் போ.

ஐரேன்

பெரிய ஆஸ்பத்திரி, காரைக்கால்
2.6.1974

ஐரேனுக்கு,

கொன்சுலாவிலிருந்து டாக்டர் சர்டிபிகேட் கேட்டு எழுதிவிட்டார்கள். நீ சொன்னது பொய் என்று காட்டத்தான் டாக்டர் வைத்தியலிங்கத்திடம் போனேன். கூடப் படித்த மன்சூர் அலி சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிப்போனான். இரண்டு நாளாக வாந்தி, நடக்கத் தெம்பில்லை.

டாக்டர் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு என் சிறுநீரைச் சேர்த்து விளக்கில் காட்டிச் சூடாக்கினார். பச்சை, மஞ்சள் என்று மாறி, செங்கல் நிறத்தில் வந்து நின்றது. அப்படி வந்தால் சர்க்கரை ஏராளம் என்று அர்த்தமாம். நான் சர்டிபிகேட்டைக் கேட்டேன். அவர் என் முகத்தருகே குனிந்து மூச்சை முகர்ந்தார். "தம்பி, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா உங்கம்மாகிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்றார். ஆஸ்பத்திரிக்கு அவர் காரிலேயே கொண்டுவந்ததாக மன்சூர் சொன்னான். எனக்கு நினைவில்லை. அம்மா கட்டிலருகில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டியிருக்கிறாள். உன் கடிதங்களை மன்சூர் அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறான். நான் கண் விழித்ததும் அவள் முதலில் கேட்டது, அக்கா எழுதியதையெல்லாம் ஏன் எனக்குப் படிக்கவில்லை என்றுதான்.

பட்டாளம் போய்விட்டது. இனி என்ன செய்வேன் என்று தெரியவில்லை. உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை. இனிமேல் எனக்கு எழுதாதே என்று சொல்லத்தான் தாளை எடுத்தேன்.

நாளையிலிருந்து ஊசியை நானே போட்டுக்கொள்ள வேண்டுமாம். தினமும், ஆயுசு முழுக்க. நர்ஸ் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் தடவை மருந்து கீழே போய்விட்டது. அம்மாவுக்கு முன்னால் அழ முடியவில்லை.

பயமாக இருக்கிறது, அக்கா. எழுது.

ஆத்ரியேன்