உப்பில் ஊறாத பூட்ஸ்

குயென் ஏரி, அர்ஜென்டினா
9 பிப்ரவரி 2013

அன்புள்ள அண்ணா தாமியான்,

டிசம்பரில் நீ வந்துபோன பிறகு இங்கே சிரிப்பே குறைந்துவிட்டது. லூசியா அண்ணி சரியாகச் சாப்பிடுகிறாளா?

ஒரு விஷயம். நம் படகுத்துறைப் பாறைகளில் பழுப்பாக ஏதோ படர்ந்திருக்கிறது. தொட்டால் ஈரக் கம்பளி மாதிரி. உங்கள் சிலி ஆறுகளை மூடிய 'பாறைச்சளி'ப் பாசியோ என்று பயமாக இருக்கிறது. ஒட்டிய பாசி சாகும்படி உன் பூட்ஸை உப்புத் தண்ணீரில் ஊறவைத்த பிறகுதானே ஏரியில் இறங்கினாய்? அப்பா கேட்டபோது "ஆச்சு, ஆச்சு" என்றாயே.

அன்புத் தங்கை,
மாலென்

24 பிப்ரவரி

மாலென் கண்ணு,

ஊறவைக்கவில்லை. முந்தின நாள் வரை இங்கே ஆற்றில் நின்ற பூட்ஸ். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே துறைக்குப் பக்கத்தில் சால்மன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. உப்பு வாளி வீட்டுக்குப் பின்னால் இருந்தது. பத்து நிமிஷம் பொறுக்க முடியாமல் பொய் சொன்னேன்.

யாரிடமும் சொல்லாதே. தெரிந்தால் இந்த மீன்பிடி விடுதியில் என்னை வைத்திருக்க மாட்டார்கள். லூசியாவுக்கு இது ஏழாம் மாதம்.

தாமியான்

18 மார்ச்

அண்ணா,

அதே பாசிதான். தேசியப் பூங்காக் காவலர் வந்து விசாரித்தார்.

"என் துறை, என் பூட்ஸ்" என்றார் அப்பா.

"தோன் அனாக்லேத்தோ, நீங்க மலைக்கு அந்தப் பக்கம், சிலிக்குப் போனதே இல்லையே?"

"போனேன். உங்கிட்ட கேட்டுட்டுத்தான் போகணுமா?"

அப்பாவின் மீன்பிடி வழிகாட்டி உரிமத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கடையில் நெலிதா எல்லார் முன்னாலும், "கைய கழுவிட்டு ரொட்டிய தொடுங்க, சளி மாமா" என்கிறாள். தினமும் காலையில் அப்பா தேய்ப்பானால் பாறைகளைத் தேய்க்கிறார். அடுத்த துறைக்கும் பரவிவிட்டது. இனி இது போகாது என்று அவருக்கும் தெரியும். வருகிற ட்ரவுட் மீனெல்லாம் தலை பெருத்து, உடம்பு ஒட்டிக் கிடக்கிறது.

ஏரியை மீட்கச் சொல்லவில்லை. பூங்கா அலுவலகத்துக்கு ஒரே ஒரு கடிதம் எழுது. அப்பா பெயராவது மிஞ்சட்டும்.

மாலென்

30 மே

தாமியான்,

என் கடிதம் உனக்குக் கிடைத்ததா என்று பஸ் ஓட்டுநர் செஃபெரினோவிடம் கேட்டேன். "கையிலயே குடுத்தேம்மா. நின்னு படிச்சாரு, மடிச்சுப் பையில வச்சுக்கிட்டாரு" என்றார். உனக்குப் பெண் பிறந்திருப்பதையும் அவர்தான் சொன்னார். அப்பாவிடம் சொன்னேன். "யார் ஜாடையாம்?" என்றார். அவ்வளவுதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கே தெரியும்டி. வாளித் தண்ணி கலங்கவே இல்ல. அவன் வாயால வரட்டும்னு பாத்தேன்."

காவலரிடம் நானே போய்ச் சொல்லலாம் என்று கிளம்பினேன். அப்பா கதவை மறித்து நின்றார். உன் குழந்தைக்குப் பால் வேண்டுமாம்.

இனி எழுத மாட்டேன். நீயும் இங்கே வராதே. வந்தால் உன்னைக் கண்டதும் அப்பா எல்லாவற்றையும் மன்னித்துவிடுவார். அதை நான் பார்க்க வேண்டாம்.

மாலென்