நீதிபதியின் அளவு

ஜூன் 4
நூலகக் கூடத்தில் சட்ட விழிப்புணர்வு முகாமாம். அதில் ஒரு நாடகம். வக்கீலம்மா கடைக்கு வந்து, நீதிபதிக்குக் கறுப்பு அங்கி தைக்கச் சொன்னார். யார் நடிப்பது என்று முடிவாகவில்லை, நடுத்தர உயரம் போதும் என்றார். அளவில்லாமல் எனக்குக் கத்தரி ஓடாது. கண்ணாடி முன் நின்று என்னையே அளந்தேன். அளவு நோட்டில் ‘நீதிபதி’ என்று எழுதினேன்.

ஜூன் 7
கடை ஓனர் வந்தார். முப்பதாம் தேதிக்குள் காலி செய்யாவிட்டால் பூட்டை மாற்றிவிடுவாராம். பதினோரு வருஷமாக இந்த ஜன்னல் வெளிச்சத்தில்தான் ஊசி கோர்க்கிறேன். ‘சரிங்க’ என்று தலையாட்டினேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜூன் 8
தையல் ஓடவில்லை.

ஜூன் 12
அங்கி முடிந்தது. மதிய வெயில் அதன் மேல் விழுந்தபோது உள்ளே யாரோ நிற்பது போலிருந்தது. போட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் நின்றவள் யாருக்கும் லேசில் ‘சரிங்க’ சொல்லமாட்டாள். எவ்வளவு நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேனோ. பக்கத்து மெஷினிலிருந்து அக்கா, “கனவு கண்டது போதும், ஹூக்கு வெச்சியா பாரு” என்றாள். வைக்கவில்லை.

ஜூன் 20
முகாம். நீதிபதியாக நடிக்க வந்த போஸ்ட்மாஸ்டர் பீரோ மாதிரி ஆள். ஒரு கை நுழைந்தது, மறு கை நுழைந்தால் கிழியும். யார் அளவு இது என்றார் வக்கீலம்மா. பொய் வரவில்லை, என் அளவுதான் என்றேன். ஐந்தாவது நிமிடம் மேடையில் நான், கையில் வசனத் தாளோடு.

வழக்கு என்ன தெரியுமா? வாடகைக்கு இருப்பவரைத் துரத்தப் பூட்டை மாற்றிய ஓனர்!

படிக்கப் படிக்கக் கூடம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. மின்விசிறிகள் தண்ணீருக்குள் சுற்றுவது போல மெதுவாகச் சுற்றின. என் குரல் மட்டும் கேட்டது. எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், நீதிமன்ற உத்தரவில்லாமல் பூட்டை மாற்ற உரிமை இல்லை. தாளில் ஒரு முறைதான் இருந்தது. நான் இரண்டு முறை படித்தேன்.

இறங்கியதும் வக்கீலம்மாவிடம் கேட்டேன் — இது நாடகத்துக்கு மட்டுமா?

“நிஜத்துக்காகத்தாம்மா நாடகமே.”

அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார்.

ஜூன் 24
கனவில் ஓனருக்குச் சட்டை அளவெடுத்தேன். டேப் போய்க்கொண்டே இருந்தது, ஆள் முடியவே இல்லை.

ஜூன் 30
வந்துவிட்டார். கையில் புதுப் பூட்டு, அட்டைகூடப் பிரிக்கவில்லை. பயமில்லை என்று எழுதினால் பொய். மெஷின் பெடலில் பாதத்தை அழுத்திக்கொண்டேன். அங்கி இல்லை, தோளில் டேப் மட்டும்.

“எழுத்துல நோட்டீஸ் குடுங்க. கோர்ட் சொல்லாம பூட்டை மாத்த முடியாதுங்க.”

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். நான்தான் தீர்ப்பே சொன்னேன் என்று வாய்வரை வந்தது. வக்கீலம்மா நம்பரை நீட்டினேன். வாங்கவில்லை. நோட்டீஸ் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, பூட்டோடு திரும்பிப் போனார். அனுப்பட்டும், படித்துப் பார்க்கிறேன்.

ஜூலை 1
காலை ஒன்பது மணி. பழைய சாவியாலேயே திறந்தேன்.